ஆண்டவனா? அண்டை வீட்டானா?

எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் பக்கத்துத் தோழர்கள் நம்மைக் காணும்போதெல்லாம் ஒரு சங்கதியைச் சொல்லி, "இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதக் கூடாதா?" என்று கேட்டு வருகிறார்கள். அதாவது, ஒரு ஆபத்து வந்தால் அந்தப் பக்கத்து ஏழை ஜனங்களுக்கு யார் துணை என்பதே அந்தச் சங்கதி. கடவுளே துணை என்கிறார்கள் ஒரு சாரார். சர்க்காரே துணை என்கிறார்கள் மற்றொரு சாரார். நாமோ, ஆபத்து வந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு அண்டை வீட்டானைத் தவிர வேறு துணை கிடையாது என்றும், அந்த அண்டை வீட்டானையும் ஜாதியும் மதமும் ஒன்றாய்ச் சேர்ந்து நமக்கு அந்நியனாக்கி வைத்திருக்கின்றன என்றும் சொல்லுகிறோம். இதை வெறும் வாயால் சொல்லாமல், நடந்த காரியங்களைக் கொண்டே காட்ட விரும்புகிறோம்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மழையால் மூழ்கடித்தது. அந்த வெள்ளம் வடிந்த வழியிலே மணலியிலிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்து, பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கொசஸ்தலை ஆற்றில் புகுந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கறுப்பாய்ப் படிந்தது. அது சென்னை பெட்ரோலியம் கம்பெனியின் வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லிற்று. வீட்டுச் சுவரில் எண்ணெய், வலையில் எண்ணெய், படகில் எண்ணெய், நண்டும் இறாலும் வளரும் சேற்றிலும் எண்ணெய். சர்க்கார் பிற்பாடு 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும், வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் நிவாரணம் என்று அறிவித்தது. கூட்டிப் பார்த்தால் 8 கோடியே 68 லட்சத்துச் சொச்சம் ரூபாய். ஆனால் கழிமுகத்து எண்ணெயை வாரி எடுத்த கைகள் யாருடைய கைகள்? அந்த மீனவர்கள்தான் தங்கள் படகிலேயே போய், வாளியாலும் குவளையாலும், பல பேர் கைக்கு உறைகூட இல்லாமல், எண்ணெயை மொண்டு மொண்டு எடுத்தார்கள்.

அந்த எண்ணெய் நாற்றம் போவதற்குள்ளாகவே, அதே மாதம் 26-ஆம் தேதி நடுநிசி சமயத்தில், எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்குப் பக்கத்திலுள்ள கோரமண்டல் உரக் கம்பெனிக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. தூங்கிக் கொண்டிருந்த ஜனங்களை எழுப்பியது அந்த நெடியும் பக்கத்து வீட்டுக் கூச்சலுமேயாகும். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களைத் தாங்கிக்கொண்டு, நடந்தும் ஓடியும் ஆட்டோவிலும் இருசக்கர வண்டியிலும் ஏறியும் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தத் தேதியை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். 2004-ஆம் வருஷம் சுனாமி வந்ததும் இதே டிசம்பர் 26-ஆம் தேதியில்தான். வருஷந்தோறும் அந்த நாளில் கரையோரத்து ஜனங்கள் கடலில் பாலை ஊற்றி, பூவைத் தூவி, செத்தவர்களை நினைத்து அழுகிறார்கள். அவர்கள் துக்கத்தை நாம் ஒருக்காலும் பரிகசிக்க மாட்டோம். ஆனால் ஒரு கேள்வி மாத்திரம் கேட்கிறோம். பத்தொன்பது வருஷம் கடலுக்குப் பால் ஊற்றியதில், ராத்திரி நேரத்தில் ஒரு ஆபத்து வந்தால் எந்தத் திசையில் ஓடுவது, எந்த வீட்டுக் கிழவியை யார் தூக்குவது என்கின்ற ஒரு ஏற்பாடாவது நமக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்கிறோம்.

மறுநாள் காலையில், "அம்மன்தான் காப்பாற்றினாள்", "மாதாதான் காப்பாற்றினாள்", "அல்லாதான் காப்பாற்றினான்" என்று அவரவர் மதப்படி அவரவர் சொல்லியிருப்பார்கள். அப்படியானால் குழாய் கசியும்போது அம்மனும் மாதாவும் அல்லாவும் எங்கே போயிருந்தார்கள்? "அக்கா, எழுந்திரு! கேஸ் அடிக்குது, பிள்ளையைத் தூக்கு!" என்று கதவைத் தட்டியவள் எதிர்வீட்டுக்காரியல்லவா? வண்டியைக் கிளப்பிக்கொண்டு மூன்று தரம் போய்த் திரும்பியவன் பக்கத்துத் தெருப் பையனல்லவா? தட்டியவளுக்கும் ஓட்டியவனுக்கும் நன்றி சொல்லாமல், கற்சிலைக்குக் கற்பூரம் கொளுத்துவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? மனிதன் செய்த உபகாரத்தைக் கடவுள் கணக்கில் வரவு வைப்பதும், மனிதன் செய்த அக்கிரமத்தைத் தலைவிதியின் கணக்கில் பற்று எழுதுவதும்தான் இந்த நாட்டு ஆஸ்திகத்தின் கணக்கு முறையாய் இருந்து வருகின்றது.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். புரோகிதன் எப்படி எல்லாவற்றையும் "கடவுள் செயல்" என்கிறானோ, அதேபோல் முதலாளிகளின் வக்கீல்களும் புயல், வெள்ளம் என்றால் "கடவுள் செயல்" என்கின்ற ஒரு வாதத்தைச் சட்டப் புத்தகத்திலே வைத்திருந்தார்கள். 1985-ஆம் வருஷம் டிசம்பரில் டில்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்துக்கு முடிவு கட்டிற்று. அபாயமான தொழிலை நடத்தி லாபம் எடுக்கிறவன், அதனால் ஜனங்களுக்குக் கேடு வந்தால் எந்தச் சாக்கும் சொல்லாமல் ஈடு கொடுத்தாக வேண்டும். கடவுள் செயல் என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே கடவுளைச் சாட்சிக் கூண்டிலிருந்து கோர்ட்டாரே இறக்கிவிட்டார்கள். நமது ஜனங்கள்தான் இன்னும் அவரைத் தங்கள் வீட்டிலிருந்து இறக்கவில்லை.

நிற்க, இப்போது காரியத்துக்கு வருவோம்.

அம்மோனியா என்பது தண்ணீரில் வெகு சுலபத்தில் கரையக்கூடிய ஒரு வாயு. ஆதலால் ஒரு துணியை நன்றாய் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் அது ஓரளவு தடுக்கும். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வாயுவை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதோ அந்தப் பக்கமாகவே ஓடக் கூடாது. காற்றோட்டத்துக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். 1984-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு வெளிப்பட்டபோது, முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வார்த்தை அந்த ஏழைகளுக்குச் சொல்லப்படாமல் போயிற்று. ஓட வேண்டிய திசை தெரியாமல் வாயுவோடு கூடவே ஓடிச் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்த அறிவு எண்ணூரில் இல்லையா? இருக்கிறது. ஆனால் துண்டு துண்டாய்க் கிடக்கிறது. காற்றின் திசை மீனவனுக்குத் தெரியும். இது வாடை, இது கொண்டல், இது கச்சான் என்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தில் படும் காற்றைக் கொண்டே சொல்லுவான். எந்தக் குழாயில் எந்த வாயு போகிறது, எந்த வால்வை மூடினால் எது நிற்கும், எந்த நெடி எதனுடையது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். கண் எரிந்தால் என்ன செய்வது, மூச்சு நின்றால் என்ன செய்வது என்பது ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸம்மாளுக்குத் தெரியும். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவன் இருக்கிறான், எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பது கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாய் மீன் விற்கும் பெண்ணுக்குத் தெரியும். இந்த நாலு பேரும் இரண்டு தெருவுக்குள்ளாகவே குடியிருக்கிறார்கள். ஆனால் காற்றை அறிந்தவனும் குழாயை அறிந்தவனும் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு குவளைத் தண்ணீர் குடித்ததில்லை! இவர்கள் நாலு பேரும் ஒரு நாள் மாலை ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால், அந்த நடுநிசியில் அத்தனை ஜனங்கள் திக்குத் தெரியாமல் தவித்திருக்க வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

ஆகவே நமக்கு வேண்டியது புதிதாய் ஒரு மகான் அல்ல. இருக்கிற அறிவையும் கைத்தொழிலையும் சாமான்களையும் ஒன்று சேர்ப்பதுதான் வேண்டியது. அப்படிச் சேர்ப்பதற்கு நமது ஜனங்களுக்கு யோக்கியதை இல்லை என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கலியாணம், காதுகுத்து, சாவு என்றால் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் எழுதி, இருபது வருஷமானாலும் ஞாபகமாய்த் திருப்பிச் செய்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் நம்பி, பத்திரமில்லாமல் சீட்டுப் பிடிக்கிறோம். ஆடி மாதம் வந்தால் வடசென்னையில் தெருவுக்குத் தெரு கூழ் வார்க்கிறார்கள். வீட்டுக்கு வீடு பணம் வசூலாகிறது. மீனவர் கிராமங்களில் தலைக்கட்டு வரி என்று போட்டுக் கணக்காய் வாங்குகிறார்கள். கொடுக்காதவனைப் பஞ்சாயத்தில் நிறுத்துகிறார்கள். ஆகவே பணம் திரட்டும் சாமர்த்தியமும், கணக்கு வைக்கும் புத்தியும், கூடி வேலை செய்யும் பழக்கமும் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அவை எந்தக் காரியத்துக்குச் செலவாகின்றன என்பதில்தான் பிசகு இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு தெருவில் 200 வீடு; வீட்டுக்கு 500 ரூபாய். ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று. இதை ஒலிபெருக்கிக்கும் சீரியல் விளக்குக்கும் பந்தலுக்கும் கொடுத்தால் மூன்றாம் நாள் காலையில் மிஞ்சுவது தெருவிலே குப்பைதான். அதே பணத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார், நல்ல கயிறு, மிதவைச் சட்டை, கையில் பிடிக்கும் பேட்டரி விளக்கு, முதலுதவிப் பெட்டி, ஆபத்துக்கு ஊதும் சங்கு ஆகியவற்றை முடிந்தமட்டும் வாங்கிப் பொதுவில் வைத்தால், பல வருஷத்துக்குத் தெருவில் உள்ள எல்லோருக்கும் உதவும். "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று பழமொழி சொல்லுகிறார்கள். திருவொற்றியூரில் மாசி மாதத்தில் இழுத்தும் பார்க்கிறார்கள். ஊர் கூடித் தேரை இழுத்தால், அது நாலு வீதியும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஊர் கூடி ஒரு மோட்டாரை இழுத்து வந்தால், வீட்டுக்குள் நின்ற தண்ணீராவது வெளியே போகும்.

இனி, இந்த விஷயத்தில் சொல்லுவதற்குச் சற்றுக் கசப்பான, ஆனால் சொல்லாமல் விடக் கூடாத ஒரு சங்கதி இருக்கிறது. பங்கிட்டு வாழ்வது நம்முடைய பழைய வழக்கம் என்று பெருமை பேசுகிறார்கள் சிலர். உதாரணமாக, எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் "பாடு" என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களை, வலியவன் தட்டிக்கொள்ளாமல், முறைவைத்து எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்படி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த "எல்லோரும்" யார்? குறிப்பிட்ட கிராமங்களில், குறிப்பிட்ட ஒரு ஜாதியில் பிறந்து, கலியாணமாகித் தலைக்கட்டாய்ச் சேர்ந்த ஆண்பிள்ளைகள்! அதே ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளரும், தாழ்த்தப்பட்டவர்களும், பெண்களும் அந்த "எல்லோரில்" சேர்ந்தவர்கள் அல்ல. பங்கு என்று பேர். வேலி என்பது காரியம்.

சுனாமிக்குப் பிறகு நடந்தது இதைவிடக் கேவலம். அலைக்கு ஜாதி தெரியவில்லை. ஆனால் அலையில் அடிபட்டுப் பிழைத்து வந்து முகாமில் உட்கார்ந்தவனுக்கு ஜாதி தெரிந்தது. நாகப்பட்டினம் பக்கத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு முகாமில் இடமும் சோறும் மறுக்கப்பட்ட செய்திகள் அன்றைய பத்திரிகைகளிலும் மனித உரிமைக் குழுக்களின் அறிக்கைகளிலும் வெளிவந்தன. வீடு போய், படகு போய், பெற்ற பிள்ளை போயும், ஜாதி மாத்திரம் போகவில்லையென்றால் அந்த ஜாதி எப்பேர்ப்பட்ட வியாதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நாம் சொல்லும் அண்டை வீட்டான் என்பவன் வேறு. சொந்தக்காரன் என்பவன் வேறு. சொந்தக்காரனுக்கு உதவுவதை ஆடுமாடுகூடச் செய்யும். பக்கத்தில் குடியிருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக உதவுவதுதான் மனிதத் தன்மை. குப்பத்துக்காரனுக்கு ஆலைக் குடியிருப்புக்காரன் அண்டை வீட்டான். இராயபுரத்துக் கிறிஸ்தவனுக்கு மண்ணடி முஸ்லிம் அண்டை வீட்டான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒரே அறையில் பத்துப் பேராய்ப் படுத்து, காண்டிராக்டு வேலை செய்யும் தொழிலாளியும் நமக்கு அண்டை வீட்டான்தான். வாயு கசிந்தால் முதலில் செத்துவிழுகிறவன் அவனாகவே இருக்கலாம். நாம் தமிழில் கூவுவது அவனுக்குப் புரிய வேண்டுமானால், ஆபத்து வருவதற்கு முன்பே அவனோடு நாம் பேசியிருக்க வேண்டும்.

சிங்காரவேலரை எல்லோரும் அறிவார்கள். 1860-ஆம் வருஷம் ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1923-ஆம் வருஷம் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர். "குடி அரசு" ஏட்டில் சயன்ஸைப் பற்றித் தமிழில் எழுதியவர். இன்று ராஜாஜி சாலையிலுள்ள கலெக்டர் ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பேர் இருக்கிறது. அவரைச் சிலர் "நம்ம ஜாதிக்காரர்" என்று மார்தட்டிக்கொள்ளுகிறார்கள். அவரோ மில் தொழிலாளிக்கும் ரயில்வேத் தொழிலாளிக்கும் ஜாதி பார்த்தா உழைத்தார்? ஒரு பெரியவரை ஜாதிக்குள் அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையல்ல. அவரை இரண்டாம் தரம் புதைப்பதாகும்.

மற்ற தேசங்களில் இந்தக் காரியம் எப்படி நடந்தது என்பதையும் பார்ப்போம். 1844-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், பெரும்பாலும் நெசவாளிகளான 28 ஏழைகள் காசு காசாய்ச் சேர்த்து ஆளுக்கு ஒரு பவுன் போட்டு, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் விற்கும் ஒரு சிறு கடை வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். பணம் எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். பெண்ணுக்கும் ஓட்டு உண்டு என்பது அவர்கள் விதி. உலகத்தில் இன்றைக்குள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கெல்லாம் அந்தக் கடைதான் வழிகாட்டி. சென்னையிலும் 1904-ஆம் வருஷம் திருவல்லிக்கேணியில் படித்த உத்தியோகஸ்தர்கள் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்தார்கள். கடையில் கலப்படமில்லாத அரிசி வாங்க அவர்கள் கூட முடியுமானால், கலப்படமில்லாத காற்றைச் சுவாசிக்க நாம் கூட முடியாதா?

ஜப்பானில் 1995-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி விடியற்காலம் கோபே பக்கத்தில் பூகம்பம் வந்தது. இடிபாட்டில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தூக்கி எடுத்தவர்கள் வீட்டாரும் அண்டை அயலாருமே ஆவார்கள். அவாஜித் தீவிலுள்ள ஹொகுதான் என்ற ஊரில், எந்த வீட்டில் எந்த அறையில் யார் படுத்திருப்பார் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எங்கே தோண்டுவது என்று திகைக்காமல், நேரே அந்த இடத்தில் தோண்டி எடுத்தார்கள். அன்றைய தினமே எல்லோரும் கணக்கில் வந்துவிட்டார்கள். இதற்கு மந்திரமா வேண்டும்? பக்கத்து வீட்டைப் பற்றிய அக்கறை ஒன்றுதான் வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2015-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னை முழுகியபோது, சர்க்கார் படகுகள் போதாமல் தவித்த தெருக்களில், நமது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், மாடி வீட்டுக்காரர்களையெல்லாம் இறக்கிக் கரை சேர்த்தார்கள். 2018-ஆம் வருஷம் கேரள வெள்ளத்திலும் அந்தத் தேசத்து மீனவர்கள் அப்படியே செய்தார்கள். படகில் ஏறும்போது யாரும், "நீ என்ன ஜாதி? தீட்டுப்படுமே!" என்று கேட்கவில்லை. நடுத்தண்ணீரில் சாஸ்திரம் முழுகிப் போயிற்று. தரை தட்டியதும் திரும்ப முளைத்துவிட்டது. அந்த மீனவர்களின் படகு 2023-ல் எண்ணெயில் கறுத்தபோது, 2015-ல் படகேறிப் பிழைத்த மாடி வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கடன் ஞாபகம் வந்தது? மொய் வாங்கினால் திருப்பி வைக்க வேண்டும் என்பது குப்பத்துக்கு மாத்திரம் உள்ள நியாயமா?

இனி, இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, "எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வதானால் சர்க்கார் எதற்கு? கம்பெனிக்காரன் தப்பித்துக்கொள்ள மாட்டானா?" என்பது. இது நியாயமான கேள்வி. அடுத்த வீட்டில் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது பரஸ்பர உதவி. முதலாளி கொட்டிய எண்ணெயை ஏழை வெறுங்கையால் வாரிக் கொடுப்பது பரஸ்பர உதவியல்ல. அதற்குப் பேர் வெட்டி ஊழியம். 2017-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், எர்ணாவூர்க் கரையில் தொழிலாளிகளும் மாணவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். கோடிக்கணக்கில் சரக்கு இறங்குகிற துறைமுகத்துப் பக்கத்தில் அந்த எண்ணெயை எடுக்கும் கருவி வாளிதான் என்றால், வெட்கப்பட வேண்டியவன் வாளி பிடித்தவன் அல்ல. ஆதலால் நாம் கூடுவது சர்க்காரை விட்டுவிடுவதற்காக அல்ல. சர்க்காரையும் கம்பெனியையும் ஒரே குரலாய்ப் பிடித்து உலுக்குவதற்காகவேயாகும். போபாலுக்குப் பிறகு, 1989-ஆம் வருஷம் இந்திய சர்க்கார் செய்த அபாய ரசாயன விதிகளில், ஆலைக்கு வெளியே குடியிருந்து பாதிக்கப்படக்கூடிய ஜனங்களுக்கு, என்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தனி ஆளாய்ப் போய்க் கேட்டால் வாட்ச்மேனே விரட்டுவான். ஐந்நூறு வீட்டார் கையெழுத்தோடு, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மோனியா கசிந்த பிறகு சுற்று வட்டாரத்துக் குப்பங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து நாட்கணக்காய் உட்கார்ந்து போராடியதை நாம் பார்த்தோம். அந்த ஒற்றுமை பந்தலோடு கலைந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதே நமது கவலை.

இரண்டாவது, "சங்கம் என்று ஆரம்பித்தால் நாலு பேர் பணத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள்" என்பது. உண்மைதான், சாப்பிட்டவர்கள் உண்டு. கோயில் பணத்தைச் சாப்பிடுகிறவனை "அம்மன் பார்த்துக்கொள்ளுவாள்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நமது சங்கத்தில் அம்மன் பார்க்க வேண்டியதில்லை, நாமே பார்க்கலாம். 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து, மாதந்தோறும் வரவு செலவை எழுதித் தெருமுனையில் ஒட்டிவிட்டால், திருடுகிறவனுக்கு இடம் ஏது? கணக்கை வைக்கும் வேலையைப் பெண்களிடம் கொடுங்கள். நூறு பேரிடம் கடன் கொடுத்த மீன் பாக்கியை எழுதாமலே மனதில் வைத்து வசூலிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பாரமா?

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். மொய் நோட்டைப் போல் தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் ஜாதி எழுத வேண்டாம், தொழிலை எழுதுங்கள். யாருக்கு வெல்டிங் தெரியும், யாருக்கு எலெக்ட்ரிக் வேலை தெரியும், யாருக்குப் படகு இஞ்சின் தெரியும், யாருக்கு நீந்தத் தெரியும், யாருக்கு ஹிந்தி தெரியும், யாரிடம் வண்டி இருக்கிறது, யார் வீட்டு மாடியில் நூறு பேர் நிற்கலாம் என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் யாருக்கு உதவி வேண்டும் என்று எழுதுங்கள். அவரவர் தொழிலை வாரத்துக்கு ஒரு மணி நேரம் மற்றவருக்குச் சொல்லிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், ராத்திரி வேளையில் சங்கு ஊதி, எல்லோரும் எத்தனை நிமிஷத்தில் எந்தத் திசையில் வெளியேற முடிகிறது என்று ஒத்திகை பாருங்கள். ஆடி மாத வசூலில் பாதியையாவது முதல் வருஷத்தில் இதற்குத் திருப்புங்கள். அம்மன் கோபித்துக்கொண்டு வந்தால் நமது பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள், நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளுகிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்துக்கு ஒரு நாள் குப்பத்தார், சேரியார், ஆலைக் குடியிருப்பார், வெளியூர்த் தொழிலாளிகள் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பாட்டில் சேராதவர்கள் சாவிலும் சேர மாட்டார்கள் என்பதை நாகப்பட்டினம் காட்டிவிட்டது.

புரோகிதன் இல்லாமலே, நாலு பேர் கூடி நின்று சாட்சி சொன்னால் அது கலியாணம்தான் என்று சுயமரியாதைக்காரர்கள் சொன்னபோது நாடே சிரித்தது. 1967-ஆம் வருஷத்துச் சட்டம் அதையே சட்டமாக்கிற்று. கூடி நிற்கிற மனிதர்களே போதும். மேலே இருந்து ஒருவன் வர வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கலியாணத்தின் தத்துவம். கலியாணத்துக்குப் போதுமானது ஆபத்துக்கும் போதும்.

எண்ணூர்க் குழாய்கள் இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கின்றன. அடுத்த கசிவு எந்த ராத்திரியில் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. அன்றைக்குக் கதவைத் தட்டப் போகிறவன் ஆண்டவன் அல்ல, அண்டை வீட்டான்தான். அவன் பேர் என்ன என்று இன்றைக்கே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளும்படி வாசகர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.